பெயரும் ஒரு கூலியே

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்குமுன், பழைய நுழைவாயில் வளைவு ஒன்று தனித்து நிற்பதை வாசகர்களுள் பலர் கண்டிருப்பீர்கள். 'மாடர்ன் தியேட்டர்ஸ்' என்னும் படப்பிடிப்பு நிலையத்தின் எஞ்சிய அடையாளம் அது. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர்.சுந்தரம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில் பயின்று திரும்பிய பின், 1935ஆம் ஆண்டு இதனை நிறுவினார். 1937இல் வெளிவந்த 'சதி அகல்யா' தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இங்கு உருவாயின. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) பிறந்ததும் இந்தச் சேலத்து மண்ணில்தான். இன்று வளைவைக் கடந்து உள்ளே சென்றால் குடியிருப்புகளைத்தான் காண முடியும்.

அந்த வளைவின் அருகே பேருந்துக்காகக் காத்து நிற்க நேரும்போதெல்லாம் நமக்கு ஓர் எண்ணம் எழும். இங்கிருந்து புறப்பட்ட பாடல்கள் எத்தனை! கே.வி.மகாதேவன் இசைத்துறையில் அடியெடுத்து வைத்த 'மனோன்மணி' (1942), மருதகாசி பாட்டெழுதத் தொடங்கிய 'மாயாவதி' (1949), ஜி.ராமநாதன் இசையமைத்த 'மந்திரி குமாரி' (1950), இளம் பட்டுக்கோட்டையாரின் பாடல்கள் இடம்பெற்ற 'பாசவலை' (1956) எல்லாம் இந்நிலையத்தின் படங்களே. கண்ணதாசனும் இந்நிலையத்தாரின் 'சண்டமாருதம்' இதழில் பணிபுரிந்தவர். இவர்கள் பெயர் நமக்குத் தெரியும். ஆனால் வயலின் வாசித்தவர், கிளாரினெட் ஊதியவர், தபேலாவில் தாளம் பிடித்தவர், பின்னணியில் கூட்டாகக் குரல் கொடுத்த பெண்கள், இவர்களுடைய பெயர் எங்கே? பாட்டு நம் காதில் நிலைத்துவிட்டது. பாட்டைச் செய்த கைகளுள் பெரும்பாலானவை எங்கோ மறைந்துவிட்டன.

இது இயல்புதானே, காலம் எல்லாவற்றையும் மறக்கச் செய்யும் என்று நீண்ட காலம் நாமும் அமைதி கொண்டிருந்தோம். அந்த அமைதியைக் கலைத்தவர் ஓர் இளைஞர்.

இளைஞரின் கேள்வி

நம் பங்கின் பாடகர் குழுவில் கித்தார் வாசிப்பவர் அவர். திருச்செங்கோட்டில் பொறியியல் பயில்கிறார். ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்து எல்லாரும் கலைந்தபின், பாடல் புத்தகமும் கையுமாக நம்மிடம் வந்தார்.

"ஐயா, இந்தக் காணிக்கைப் பாட்டை யாருங்க எழுதுனது? புத்தகத்துல பேரே இல்லீங்களே?"

அந்தப் புத்தகத்தைத் தொகுத்தவர் நாமே. பங்கின் பொன்விழாவுக்காக, இப்பகுதியில் பாடப்பட்டு வந்த பாடல்களையெல்லாம் திரட்டி அச்சிட்டிருந்தோம். "பழைய பாட்டு தம்பி. யாரோ எழுதினது" என்றோம்.

"யாரோங்கறதும் ஒரு ஆளுதானுங்களே ஐயா" என்றார் அவர். நம்மைக் குற்றஞ்சாட்டும் எண்ணம் அவருக்குச் சிறிதும் இல்லை. சிரித்துக்கொண்டே சொன்ன சொல் அது. எனினும் நம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

அதன்பின் அவர் நமக்கு ஓர் ஆசிரியராகவே ஆகிவிட்டார். அவருக்கு ராக் இசையில் ஈடுபாடு மிகுதி. அதிலும் பலரும் அறியாத பாடல்களைத் தேடிக் கேட்பதும், அவற்றின் பின்னுள்ள வரலாறுகளைத் திரட்டுவதும் அவருக்குப் பெருமகிழ்ச்சி. ராக் என்றாலே வெற்றுக் கூச்சல் என்று எண்ணியிருந்த நாம், மாலை வேளைகளில் ஆலயத் திண்ணையில் அமர்ந்து அவரிடம் கதை கேட்கத் தொடங்கினோம். அவற்றுள் நான்கினை மட்டும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நான்கு பாடல்கள், நான்கு வாழ்வுகள்

முதலாவது கதை, ராக் இசைக்கு அப்பெயர் பரவுமுன் நிகழ்ந்தது. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் 1915இல் பிறந்தவர் ரொசெட்டா தார்ப் என்னும் கறுப்பினப் பெண்மணி. 'சிஸ்டர்' என்ற அடைமொழியோடு அழைக்கப்பட்டார்; துறவி அல்லர். அவருடைய தாய் நற்செய்தியை அறிவித்து ஊர் ஊராய்ச் சென்றவர். மகளோ சிறுமியாய் இருந்தபோதே கையில் கித்தார் ஏந்தி வழிபாட்டுக் கூட்டங்களில் பாடியவர். பின்னாளில் மின்கித்தாரை அதிரவிட்டு அவர் பாடிய பக்திப் பாடல்கள் கேளிக்கை அரங்குகளிலும் ஒலித்தன; அதனால் கோவிலைச் சார்ந்தோர் பலர் அவர்மீது மனம் கசந்தனர். 1944இல் அவர் பதிவுசெய்த 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே' என்னும் பாடல், மறு ஆண்டு கறுப்பினத்தவர் இசைத்தட்டு வரிசையில் இரண்டாமிடம் வரை சென்றது. ராக் இசையின் முன்னோடிப் பாடல்களுள் ஒன்றாக இசை வரலாற்றாசிரியர்கள் அதைக் கருதுகின்றனர். அப்போது எல்விஸ் பிரெஸ்லி பத்து வயதுச் சிறுவன். எல்விஸின் புகழ் உலகெங்கும் பரவியது. ரொசெட்டாவோ 1973இல் பிலடெல்பியா நகரில் இறந்தபோது அவர் கல்லறையில் பெயர்ப்பலகையும் வைக்கப்படவில்லை. கல் நாட்டப்பட்டது பல ஆண்டுகள் கழித்தே. ராக் இசைப் பெருமக்கள் வரிசையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது 2018இல்.

இரண்டாவது கதை டெட்ராய்ட் நகரத்துச் சகோதரர் மூவருடையது. டேவிட், பாபி, டானிஸ் ஹாக்னி என்போர் அமைத்த குழுவின் பெயர் 'டெத்', அதாவது 'சாவு'. தந்தையை விபத்தில் இழந்த டேவிட், சாவையும் அச்சமின்றி நோக்க வேண்டும் என்று கருதி வைத்த பெயர் அது. 1975இல் அவர்களின் பாடல்கள் பதிவாயின. பெரிய இசைத்தட்டு நிறுவனம் ஒன்றின் தலைவர் ஆதரவு தர முன்வந்தார். ஆனால் பெயரை மாற்ற வேண்டும் என்றார். டேவிட் மறுத்தார். ஆதரவு நின்றது. மறு ஆண்டு தாங்களே 500 தட்டுகள் மட்டும் அச்சிட்டு வெளியிட்டனர். பின்னர் வெர்மான்ட் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, வேறொரு பெயரில் பக்திப் பாடல்களும் இசைத்தனர். புற்றுநோய்க்கு ஆளான டேவிட் 2000ஆம் ஆண்டில் இறந்தார். பழைய நாடாக்களைத் தம்பியிடம் ஒப்படைத்து, உலகம் ஒருநாள் இவற்றைத் தேடி வரும் என்று சொல்லிச் சென்றாராம். 2009இல் அவை இசைத்தட்டாக வெளிவந்தபோது உலகம் வியந்தது. சொன்னவர் அதைக் காண உயிரோடு இல்லை.

மூன்றாவது கதை கேட்டவுடன் நம்மைப் பேச்சற்றவராக்கியது. பிரிட்டனின் 'பேட்ஃபிங்கர்' குழுவைச் சேர்ந்த பீட் ஹாமும் டாம் இவான்ஸும் சேர்ந்து 1970இல் ஒரு பாடலைச் செய்தனர். ஒருவர் எழுதி வைத்திருந்த சரணமும் மற்றவர் எழுதி வைத்திருந்த பல்லவியும் ஒன்றிணைந்து பிறந்த பாடல் 'விதவுட் யூ'. அவர்களுடைய இசைத்தட்டில் அதை எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஹாரி நில்சன் என்ற வேறொரு பாடகர் அதைப் பாட, 1972இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பெற்றது. 1994இல் மரியா கேரி பாடியபோது மீண்டும் உலகெங்கும் ஒலித்தது. ஆனால் அதைச் செய்தவர்களின் நிலை? குழுவின் பணம் நிர்வாகச் சிக்கல்களில் அகப்பட்டுக்கொள்ள, கையில் காசின்றித் தவித்த பீட் ஹாம் 1975 ஏப்ரலில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 27. அவருடைய மகள் பிறந்தது அதற்குப் பின்னரே. எட்டு ஆண்டுகள் கழித்து, அந்தப் பாடலின் வருவாய்ப் பங்கு பற்றிய பூசலால் மனமுடைந்திருந்த இவான்ஸும் அதே முடிவைத் தேடிக்கொண்டார். உலகெங்கும் காதலர்கள் உருகிக் கேட்ட பாட்டு, அதைச் செய்த இருவருக்கும் சோறு போடவில்லை.

நான்காவது, ரொட்ரீகஸ் கதை. மெக்சிகோவிலிருந்து குடியேறிய தொழிலாளர் குடும்பத்தில் டெட்ராய்ட்டில் பிறந்த அவர், 1970இல் 'கோல்ட் ஃபேக்ட்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். அமெரிக்காவில் வாங்குவாரில்லை. அடுத்த தட்டும் விலைபோகாமல், அவர் பழைய கட்டடங்களை இடிக்கும் வேலைக்கும் வீடு பழுதுபார்க்கும் வேலைக்கும் சென்றார். இதற்கிடையில் தென்னாப்பிரிக்காவில், நிறவெறி ஆட்சியின் காலத்தில், இளைஞர்கள் அவருடைய பாடல்களை மனப்பாடமாகப் பாடிக்கொண்டிருந்தனர். பாடியவர் மேடையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார் என்று அங்கு ஒரு வதந்தி. அந்தப் புகழும் அவரை எட்டவில்லை; அந்த விற்பனையின் பணமும் எட்டவில்லை. இரசிகர்கள் சிலர் முயன்று தேடிக் கண்டுபிடித்தபின், 1998இல் அவர் அங்கு சென்று ஆயிரக்கணக்கானோர் முன் பாடினார். அவரைப் பற்றிய ஆவணப்படம் 2013இல் ஆஸ்கார் விருது பெற்றது. 2023இல், தம் 81ஆம் வயதில் காலமானார்.

மறதியும் மறைப்பும்

இந்நான்கு கதைகளையும் கேட்டபின் நாம் கண்ட உண்மை ஒன்றுண்டு. வெளியில் தெரியாத பாடல்கள் அனைத்தும் ஒரே காரணத்தால் அந்நிலையை அடைந்தவை அல்ல. ஹாக்னி சகோதரர்களின் பாடல் மறைந்திருந்ததற்கு டேவிட் தாமே தெரிந்து செய்த தெரிவும் ஒரு காரணம். பெயரை விற்க மறுத்தார். விலையைத் தாமே செலுத்தினார். அதில் துயரம் உண்டு, அவமானம் இல்லை. ரொட்ரீகஸின் தட்டு அவர் நாட்டில் விலைபோகாமற்போனதும் எவருடைய பாவமும் அன்று. எல்லாரும் எல்லாப் பாட்டையும் விரும்ப வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? ஆனால் அவருடைய தட்டு கடல் கடந்து விற்றபோது, பணம் மட்டும் பாதி வழியில் நின்றதே, அது காலத்தின் செயலா? பேட்ஃபிங்கர் குழுவினரின் உழைப்பு வேறு கைகளில் சிக்கியதே, அது மறதியா?

மறதி வேறு, மறைப்பு வேறு. காலம் மறக்கிறது. மறைப்பவர் மனிதர். காலத்தின் மீது பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்வது மிக எளிது. ஒருவர் செய்ததைப் பயன்படுத்தி, அதில் இன்பமோ பணமோ பெற்று, அவருக்கு உரியதைத் தராமலும் அவர் பெயரைச் சொல்லாமலும் இருந்துவிட்டு, 'காலம் மறந்துவிட்டது' என்று நாம் பெருமூச்சு விடுகிறோம்.

நம் நாட்டிலும் இக்கேள்வி நெடுங்காலமாய் இருந்துவருகிறது. 1949இல் வெளிவந்த 'மகல்' என்னும் இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடலைப் பாடியவர் லதா மங்கேஷ்கர். ஆனால் இசைத்தட்டில் அச்சானதோ 'காமினி' என்ற கதாபாத்திரத்தின் பெயர். பாடியவர் யார் என்று நேயர்கள் வானொலி நிலையத்தைக் கேட்கத் தொடங்கிய பின்னரே அவர் பெயர் வெளிப்பட்டது. பெயரைக் கொண்டுவந்தவர்கள் கேட்டவர்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

சேலத்துக்கே திரும்புவோம். சுந்தரம் 1963இல் மறைந்தபின் அவர் மகன் இராமசுந்தரம் நிலையத்தை நடத்தினார். 'வல்லவனுக்கு வல்லவன்' (1965), 'வல்லவன் ஒருவன்' (1966), 'இரு வல்லவர்கள்' (1966) போன்ற துப்பறியும் படங்கள் அக்காலத்தவை. கித்தாரும் டிரம்ஸும் முன்னிற்க, மேற்கத்தியத் துள்ளலோடு இசையமைத்தவர் வேதா. தமிழ்க் கிராமங்கள் ராக் இசையின் நிழலை முதன்முதலில் உணர்ந்தது இத்தகைய பாடல்களின் வழியேதான் என்று சொல்லலாம். இராசிபுரத்துப் பக்கம் திருமண வீட்டுத் தென்னைமரத்தில் மைக்செட்காரர் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் அவை முழங்கும்போது, மரவள்ளிக் காட்டில் வேலை செய்வோரும் தலையசைப்பர். அந்த மெட்டுகளுள் பல இந்தியிலிருந்து வந்தவை என்பதைச் சிலரே அறிவர். 'வல்லவனுக்கு வல்லவன்' படத்தில் டி.எம்.சௌந்தரராஜன் பாடிய, இன்றும் பலர் விரும்பும் காதற்பாடலின் மெட்டு, 'உஸ்தாதோங் கே உஸ்தாத்' (1963) என்னும் இந்திப் படத்துக்கு ரவி அமைத்தது; அங்கே பாடியவர் முகமது ரபி. அதைச் சொல்வதால் வேதாவின் திறமை குன்றாது. சௌந்தரராஜனின் குரலும் குன்றாது. சொல்லாமல் விட்டால் ரவிக்கு உரியது குறையும்.

சட்டமும் மெல்ல மெல்லத்தான் விழித்தது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ், படத்துக்காகக் கூலி பெற்று எழுதிய பாடலுக்கும் அமைத்த இசைக்கும் பொதுவாகத் தயாரிப்பாளரே உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், பாடுவோருக்குச் சட்டத்தில் இடமில்லாத குறையைத் தனியே சுட்டிக்காட்டினார். நிகழ்த்துவோருக்கான உரிமை 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய உரிமத்தொகைப் பங்கை எழுதிக்கொடுத்து இழந்துவிட முடியாது என்ற பாதுகாப்பு 2012இல்தான் கிடைத்தது. பட்டுக்கோட்டையார் 29 வயதில் இறந்தது 1959இல் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த ஆண்டுகளின் நீளம் விளங்கும்.

சட்டம் செய்யாததைச் சில நல்ல வழக்கங்கள் செய்தன. இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்கள் பாடலை ஒலிபரப்பும்போது படத்தின் பெயரோடு பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களையும் சொல்வார்கள். நம் தலைமுறையினர் பலர் கவிஞர்களின் பெயரைக் கற்றது பள்ளியிலன்று, அந்த வானொலியிடம். இளமையில் சென்னையில் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவில் வாசித்த ஏ.ஆர்.ரகுமான், பின்னர்த் தம் ஒலிநாடாக்களின் உறையில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை அச்சிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். அவருடைய தந்தை ஆர்.கே.சேகர் பிற இசையமைப்பாளர் பலருக்கு வாத்திய அமைப்பைச் செய்து கொடுத்து, 1976இல் இளவயதிலேயே மறைந்தவர். மகனின் வழக்கத்துக்குப் பின்னே தந்தையின் வாழ்வு நிற்கிறதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

பெயரை விரும்பலாமா?

இங்கே நம் வாசகர்களுள் ஒருவர் இடைமறிக்கலாம். 'வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்பதல்லவா நம் ஆண்டவரின் போதனை? நற்பணி செய்பவர் பெயருக்கு ஆசைப்படலாமா? பாட்டு இறைவனுக்கு, பாடியவர் பெயர் எதற்கு?'

நியாயமான கேள்வி. நாமும் இதையே சொல்லி நம் மனச்சாட்சியைத் தூங்கவைத்ததுண்டு. நம் மண்ணிலும் பெயரில்லாத பாட்டுகள் ஏராளம். தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் நாற்று நடும்போது பாடும் பாட்டுக்கும் ஆசிரியர் யார்? எவரும் அவற்றை விற்கவில்லை. எவருடைய கூலியும் பறிபோகவில்லை. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை எழுதிய பாட்டை வாய்க்கு வாய் ஏந்தி, 1930இல் இராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புக்காக நடந்தார்கள். வழியில் அதைக் கேட்டுச் சேர்ந்து பாடிய ஊர்மக்களுள் எத்தனை பேர் கவிஞரின் பெயரை அறிந்திருப்பர்? அதனால் கவிஞருக்கு இழப்பில்லை. அது அவர் மனமுவந்து நாட்டுக்குத் தந்த கொடை.

ஆகவே வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கொடுப்பவர் தம் பெயரை மறைத்துக்கொண்டால் அது தாழ்ச்சி. பெற்றவர் கொடுத்தவரின் பெயரை மறைத்தால் அது கடன்படுதல். ஆண்டவரின் போதனை கொடுக்கும் கைக்குச் சொல்லப்பட்டது. வாங்கும் கை அதைக் காட்டித் தன் கடனைத் தள்ளுபடி செய்துகொள்ள இயலாது. கூலியாளின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே என்று பழைய ஏற்பாடு வலியுறுத்துவதும் வாங்கியவரை நோக்கியே. கலைஞனுக்குப் பணமும் கூலி; பெயரும் கூலி. பணம் கொடுக்க வழியில்லாத இடத்தில், பெயர் ஒன்றே நாம் கொடுக்கக்கூடிய கூலி. ஒவ்வொருவருக்கும் உரியதை அவரவர்க்கு அளிப்பதே நீதி என்று புனித தாமஸ் அக்குவினாஸ் வகுத்துரைத்தார். அப்படியானால் பெயர் சொல்வது நாம் காட்டும் இரக்கம் அன்று. செலுத்த வேண்டிய நீதி.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். நாமக்கல் சமவெளியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் கொல்லிமலைக்கு உரியவன் வல்வில் ஓரி. புறநானூற்றில் வன்பரணர் அவனைப் பாடுகிறார். வேட்டைக் காட்டில் நின்றவனை இன்னான் என்று அறியாமலே பாணர் கூட்டம் முழவும் யாழும் தூம்பும் ஒலிக்கப் பாடியது. பாட்டில் தன்னைக் குறிக்கும் சொல் வந்ததும் அவன் நாணினான். பின்பு மான் இறைச்சியோடு தன் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுத்தான். கொடுத்தவன் நாணினான், பெற்ற புலவரோ அவன் பெயரை உலகறியச் சொன்னார். இருவரும் தத்தம் கடமையைச் செய்தனர்.

குறுந்தொகையைத் தொகுத்தவர்களின் நேர்மை இன்னும் வியப்புக்குரியது. சில பாடல்களைச் செய்த புலவர்களின் பெயர் கிடைக்கவில்லை. 'யாரோ' என்று விட்டுவிட்டார்களா? இல்லை. அந்தந்தப் பாட்டிலிருந்தே ஓர் அழகிய தொடரை எடுத்து, செம்புலப்பெயனீரார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும், மீனெறி தூண்டிலார் என்றும் அப்புலவர்களுக்குப் பெயராகச் சூட்டினார்கள். பெற்றோர் இட்ட பெயர் தெரியாவிட்டால், அவர் செய்த பாட்டே அவருக்குப் பெயர் ஆகட்டும் என்று கருதினார்கள்.

நம் கடன்

இப்போது நம் பாடல் புத்தகத்துக்கு வருவோம். வாசகர்களிடம் ஒன்றை மறைத்துவிட்டோம். அந்தக் காணிக்கைப் பாட்டு யார் எழுதியது என்பது நமக்கு முற்றிலும் தெரியாததன்று. தேடியிருந்தால் தெரிந்திருக்கும். அச்சுக்குக் கொடுத்த நாளில் அச்சக உரிமையாளர், "ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே பேர் போட்டா பக்கம் கூடும், செலவும் கூடும்" என்றார். "பேர் வேண்டாம், பாட்டு மட்டும் போதும்" என்றவர் நாமே. ஒரே சொல்லில் எத்தனையோ பேரை நீக்கிவிட்டோம்.

இளைஞரின் கேள்விக்குப் பின் நாம் விசாரிக்கப் புறப்பட்டோம். மூத்த பாடகி ஒருவர் சிறிதும் தயங்காமல் சொன்னார்: "நம்ம உபதேசியார் பாட்டுதானே அது!" இராசிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு மிதிவண்டியில் சென்று செபம் கற்பித்த பெரியவர் அவர். நம் புத்தகத்தில் அவருடைய பாடல்கள் இரண்டு இருந்திருக்கின்றன. வெளியீட்டு நாளன்று அவரும் வந்திருந்தது நமக்கு நினைவுக்கு வந்தது. இலவசப் பிரதி கொடுத்தபோது மறுத்து, காசு கொடுத்து இரண்டு பிரதி வாங்கினார். ஆலயத்தின் பின்வரிசையில் அமர்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நாமும் ஒன்றும் கேட்கவில்லை. ஓராண்டில் இறந்துபோனார். அவருடைய அடக்கத் திருப்பலியிலும் காணிக்கையின்போது அதே பாட்டுத்தான் பாடப்பட்டது. பாடிய இளையோர் எவருக்கும் அது பெட்டியில் கிடந்தவருடைய பாட்டு என்று தெரியாது.

அவருடைய மகளைச் சென்று கண்டோம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்த நம்மை அமரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். பிறகு ஒரு பழைய கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். நீல மையில் உபதேசியாரின் கையெழுத்து. காணிக்கைப் பாட்டு இருந்த பக்கத்தைத் திறந்தோம். அக்காலத்தில் பலரும் செய்ததுபோல அவரும் திரைப்பாடல் ஒன்றின் மெட்டில்தான் அதை அமைத்திருந்தார். பாட்டுக்கு மேலே, சிறிய எழுத்தில், 'மெட்டு' என்று எழுதி, சேலத்துப் படமொன்றின் பெயரையும், அதற்கு இசையமைத்தவர் பெயரையும், பாடியவர் பெயரையும் வரிசையாகக் குறித்திருந்தார். தம் பெயரை மட்டும் எழுதவில்லை.

எவரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த நோட்டுப் புத்தகத்தில், தாம் பெற்ற மெட்டுக்கு உரியவர்களின் பெயரை எழுதி வைத்த அந்தப் பெரியவரை எண்ணி நாம் நெடுநேரம் பேசாதிருந்தோம். கொடுத்தபோது தம்மை மறைத்துக்கொண்டார். பெற்றபோது கொடுத்தவரை மறைக்கவில்லை. நாம் இத்தனை பக்கம் எழுதிச் சொல்ல முயன்றதை அவர் ஒரு வரியில் செய்திருந்தார்.

பாடல் புத்தகத்தின் மறுபதிப்பு வேலை தொடங்கியுள்ளது. அந்த இளைஞரும் நாமும் வார இறுதிகளில் ஊர் ஊராகச் சென்று பெயர் கேட்டு வருகிறோம். ஆத்தூர்ப் பக்கம் ஒன்று, சேந்தமங்கலம் பக்கம் இரண்டு என்று இதுவரை சில பெயர்கள் கிடைத்துள்ளன. சில கிடைக்காமலே போகலாம். கிடைக்காத இடத்தில் குறுந்தொகைத் தொகுப்பாளர்களின் வழியைப் பின்பற்றுவோம் என்பது இளைஞரின் யோசனை. பக்கம் கூடும், செலவும் கூடும் என்று அச்சகத்தார் மீண்டும் சொன்னார். கூடட்டும் என்றோம்.

வாசகர்களே, உங்கள் பங்கிலும் பெயரில்லாத ஒரு பாட்டு பாடப்படுகிறதா? பாடி முடித்தபின், அருகில் நிற்கும் முதியவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: 'இதை யார் எழுதினது?'